மொட்டை மாடி வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி

நங்கநல்லூரில் ஒரு பழைய அடுக்ககத்துக்கு நான் செயலாளர். வேலை பார்த்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் கொட்டேஷன்களைச் சரிபார்த்தவள் என்பதால் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். செப்டம்பர் பிறந்தால் போதும், அக்கம்பக்கத்தில் இருந்து ஃபோன் வரும். "மாமி, உங்க மாடிக்கு வேலை பார்த்த மேஸ்திரி நம்பர் இருக்கா?" நம்பர் கொடுத்துவிடுவேன். ஆனால் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை வாங்க முடியாது. மாடியைக் கழுவுவது, ஒழுகலை நிறுத்துவது, டைல்ஸ் போடுவது எதுவானாலும், யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது, எப்போது பணம் கொடுப்பது என்று நான் கடைப்பிடிக்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில், செப்டம்பரில் கேட்பதே தாமதம். சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் மேஸ்திரிகளைத் தேடும். கைராசியான ஆட்கள் எல்லோரும் அப்போது வேலையில் இருப்பார்கள். "நாளைக்கே வர்றேன்" என்பவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று யோசியுங்கள். ஆவணி, புரட்டாசியில் சாயந்திர இடிமழை வேறு. தளம் ஈரமாக இருக்கும்போது மேலே எதை அடித்தாலும் ஒட்டாது, கொப்பளித்துக்கொண்டு வந்துவிடும். பனி விலகிய மாசி, பங்குனிதான் சரியான காலம். சித்திரை, வைகாசியிலும் செய்யலாம். கத்திரி வெயிலில் மட்டும் உச்சிப்பொழுதில் கோட்டிங் (ஒழுகலைத் தடுக்க அடிக்கிற ரசாயனப் பூச்சு) அடிக்க விடக்கூடாது. பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், உள்ளே இறங்காது.

யாரையும் கூப்பிடும் முன் நீங்களே மேலே போங்கள்

ஒரு வாளித் தண்ணீர், ஒரு சாக்பீஸ், ஒரு சுத்தியல். இந்த மூன்றும் போதும்.

மழைநீர்க் குழாயின் வாய்க்கு எதிர்மூலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பாருங்கள். தண்ணீர் தயங்காமல் குழாய் வாயைத் தேடிப் போக வேண்டும். இதைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் நல்ல வாட்டம். தண்ணீர் எங்கே குளம் கட்டி நிற்கிறதோ அந்த இடத்தை சாக்பீஸால் சுற்றி வளைத்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுத்தியலின் பிடியால் டைல்ஸையோ தட்டோட்டையோ (பழைய மாடிகளில் பதித்த தட்டையான மண் ஓடு) தட்டிக்கொண்டே நடங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே காலியாகச் சத்தம் கேட்டால் அங்கே கலவை விட்டுப்போயிருக்கிறது. கைப்பிடிச்சுவரும் தரையும் சேரும் மூலையில் கோடு விட்டிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியின் குழாய்கள் தளத்துக்குள் இறங்குகிற இடத்தில் கசிவு இருக்கிறதா, டிஷ் ஆன்டெனாக்காரர் போல்ட் போட்டுவிட்டு மூடாமல் போன ஓட்டைகள் எத்தனை என்று பாருங்கள். எங்கள் மாடியில் கேபிள் மாறும்போதெல்லாம் புது ஓட்டை போட்டார்களே தவிர பழையதை யாரும் அடைத்ததில்லை.

பிறகு கீழே வந்து கூரையைப் பாருங்கள். மழையே இல்லாத ஏப்ரலிலும் கறை ஈரமாக இருந்தால் பெரும்பாலும் குழாய், அல்லது தொட்டி நிரம்பி வழிவது. அதற்குப் பிளம்பர் போதும். மழை விட்ட மறுநாள் சொட்ட ஆரம்பித்தால் மாடித்தளம். சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில் மட்டும் கறை என்றால் கைப்பிடிச்சுவரின் அடி. பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது என்றால் அது வேறு கதை. முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். "மேலே ரெண்டு கோட்டிங் அடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று அந்தக் கம்பியைப் பார்த்த பிறகும் ஒருவர் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மாடி எந்தக் காலத்து மாடி என்பதும் தெரிய வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்தரங்களின் மேல் சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிக் கலவை போட்ட கூரை அது. அதற்குப் பிறகு வந்த கான்கிரீட் வீடுகளில் பலவற்றில், தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் அடிப்பார்கள். அந்தக் கை இருக்கிற ஆள் இப்போது அபூர்வம். புதிய கட்டிடங்களில் வெள்ளை கூலிங் டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறவரைக் கூப்பிட்டால் அவர் டைல்ஸைத்தான் போடுவார், உத்தரம் எடையைத் தாங்குமா என்று பார்க்க மாட்டார்.

இன்னொன்று. வீட்டைக் கையில் வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லையென்றால், யாரையும் தேட வேண்டாம். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த நாளில் இருந்து ஐந்து வருடத்துக்குள் தெரிகிற கட்டுமானக் குறையையும் வேலைக் குறையையும் தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் புலம்பாமல் எழுத்தில் கொடுங்கள், தேதியோடு. நடுவில் நீங்களே ஆள் வைத்து மாடியைக் கொத்திவிட்டால், "நீங்க கை வெச்சதாலதான் ஒழுகுது" என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும்.

யாரை, எங்கே தேடுவது

'மாடி வேலை' என்று ஒரே ஆளைத் தேடுவதால்தான் பாதிக் குழப்பம். கழுவுவதற்கு ஓர் ஆள். வாட்டம் சரிசெய்ய, ஓடு மாற்ற, மூலை பூசக் கொத்தனார். ரசாயனக் கோட்டிங் அடிக்க அதற்கென்று பழகிய ஆட்கள். நல்ல மேஸ்திரி என்றால் இந்த மூன்றையும் அவரே வரிசையாக வரவழைப்பார். ஆனால் அவர் கையில் எது, வெளியாள் கையில் எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் முதலில் போவது எங்கள் பேட்டைப் பெயின்ட் கடைக்கு. யார் கடனில் வாங்கிப் பணம் கட்டாமல் ஓடுகிறார், யார் எத்தனை வாளி வாங்கி எத்தனை மாடி அடிக்கிறார் என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. அதற்கு அடுத்தபடி, பக்கத்துத் தெருவில் இரண்டு பருவமழை தாண்டிய மாடி. போன மாதம் முடிந்த வேலையைக் காட்டினால் பார்க்கவே வேண்டாம். புது மாடி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அந்த மாடிக்குக் கீழே குடியிருப்பவரிடம் பேசுங்கள், வீட்டுச் சொந்தக்காரரிடம் இல்லை. வெறும் கூட்டிக் கழுவும் வேலைக்கு, காலையில் நாற்சந்திகளில் கரண்டியும் கூடையுமாகக் காத்திருக்கிற ஆட்களிலேயே இரண்டு பேரை நாள் கூலிக்கு அழைத்து வரலாம். செயலி வழியாக வருகிறவர்களும் கழுவும் வேலைக்குப் பரவாயில்லை. சீருடையோடு, சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். ஆனால் ஒழுகலை அவர்கள் பார்க்கிற முறை எனக்குத் திருப்தி தரவில்லை. செல்ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், எங்கிருந்தோ ஒருவர் விலை சொல்கிறார்.

வந்த ஆளை எப்படி எடைபோடுவது? எனக்கு ஒரே அளவுகோல்தான். மேலே ஏறியதும் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். சிலர் ஏறியவுடன் பையைத் திறந்து கேட்டலாக் எடுப்பார்கள். எந்த பிராண்டு, எத்தனை வருட வாரண்டி, எந்த நடிகர் விளம்பரம் செய்கிறார் என்று ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு இப்போது வேலை பார்க்கிற மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். முதல் நாள் வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு மாடி முழுக்க வெறுங்காலோடு நடந்தார். குழாய் வாயில் கைவிட்டு இலையை வெளியே எடுத்துப் போட்டார். "எந்த வீட்ல ஒழுகுது, மழை பெய்யும்போதா, விட்டப்புறமா?" என்று கேட்டார். அப்புறம், "ஒரு வாளித் தண்ணி குடுங்கம்மா" என்றார். விலை பற்றி அதுவரை ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்காதவருக்கு எந்த பிராண்டைக் கையில் கொடுத்தாலும் ஒன்றுதான்.

வேலைக்கு வரப்போவது யார் என்றும் கேளுங்கள். பேச வருபவர் ஒருவர், வேலைக்கு வருபவர்கள் வேறு என்பது இப்போது சகஜம். பிகார், ஒடிசா, மேற்கு வங்கத்தில் இருந்து வந்த பையன்கள் நன்றாகவே செய்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாளியில் எழுதியிருப்பதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் மாடியிலேயே நிற்க வேண்டும். மேஸ்திரி காலையில் விட்டுவிட்டுச் சாயந்திரம் வந்து கூட்டிப் போகிறவராக இருந்தால் அந்த வேலை தேறாது.

கழுவுவதில் இருக்கிற சங்கதி

கழுவுவதுதானே என்று நினைப்போம். மாடி கெட்டுப்போவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. எந்த ஆளும் முதலில் கேட்பது ஆசிட். பாசி, கறுப்புக் கறை எல்லாம் நொடியில் போய்விடும், பார்க்கப் பளபளவென்று இருக்கும். கூடவே ஓடுகளுக்கு நடுவில் இருக்கிற சுண்ணாம்பும் சிமென்டும் கரைந்து போகும். அடுத்த மழையில் அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். தட்டோடு பதித்த மாடியில் ஆசிட் கூடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நார் பிரஷ்ஷும் தென்னந்துடைப்பமுமாகத் தேய்த்தால் பாசி போய்விடும். கை வலிக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒருபோதும் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த மாடிதானே என்று அலட்சியமாக இருந்தால் மூச்சுத் திணறிவிடும்.

கழுவும் தண்ணீர் எங்கே போகிறது? 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் நம் மாடிக் குழாய்கள் பலவும் நேராகக் கிணற்றுக்கோ உறை போட்ட குழிக்கோ போகின்றன. பிளீச்சிங் தண்ணீரும் புறா எச்சமும் உங்கள் கிணற்றில் போய் விழ வேண்டாம் என்றால், கழுவ ஆரம்பிக்கும் முன் கீழே குழாயைத் திருப்பிச் சாக்கடைப் பக்கம் விட வேண்டும். வால்வு இருந்தால் திருப்பினால் போதும். இல்லையென்றால் அந்த ஒரு நாளைக்கு எல்போவை, அதாவது குழாயின் வளைவுத் துண்டை, கழற்றி வைக்கலாம். கழுவ வருகிற ஆளுக்கு இது தெரியாது. நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பிரஷர் வாஷ் மெஷின் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. கூலிங் டைல்ஸுக்குச் சரி. பழைய தட்டோட்டின் மேல் நாசிலை நெருக்கிப் பிடித்தால் இணைப்புக் கலவை தெறித்து வந்துவிடும். விசிறி போல விரிந்து அடிக்கிற நாசில், முழங்கால் உயரத்தில் இருந்து, முதலில் ஒரு மூலையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக்கூடாது. இணைப்பு எடுக்கிற போர்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கைப்பிடிச்சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் இந்த வேலையிலேயே சேர்க்க வேண்டும். காக்கை எச்சத்தில் வருகிற விதை. மேலே கிள்ளிவிட்டால் உள்ளே வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும். எங்கள் மாடியில் ஒருவர் "அரச மரத்துல கை வைக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார். அவர் நம்பிக்கை அவருக்கு. வேறொருவர் பூச்சைக் கொஞ்சம் தட்டி வேரோடு எடுத்தார். கன்றை என்ன செய்தீர்கள் என்று இரண்டாவது மாடி மாமி மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தார். கோவில் குளக்கரையில் நட்டாயிற்று.

கொட்டேஷன் என்னும் வித்தை

மூன்று பேரிடம் விலை கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் என்ன செய்வது? ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார், மெட்டீரியலோடு. ஒருவர் ஒரு சதுரத்துக்கு இவ்வளவு கூலி, பொருள் உங்களுடையது என்பார். (மேஸ்திரிகள் கணக்கில் ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி.) மூன்றாமவர் ஒட்டுமொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். இதை ஒப்பிட முடியாது. அதனால் வேலையை நானே ஒரு தாளில் எழுதி மூவருக்கும் ஒரே தாளைக் கொடுப்பேன். கழுவுவது, வெற்றுச் சத்தம் வரும் ஓடுகளை மாற்றுவது, விரிசலைக் கீறி அடைப்பது, மூலையைச் சரிவாகப் பூசுவது, எத்தனை கோட்டிங், இடிபாட்டை அகற்றுவது யார். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை.

அளவையும் நீங்களே எடுங்கள். நீளம் அறுபது, அகலம் முப்பது என்றால் தரை 1,800 சதுர அடி. கோட்டிங்கைக் கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றி அடிக்க வேண்டும், இல்லையென்றால் மூலை ஒழுகும். சுற்றளவு 180 அடி, ஆக இன்னும் 180 சதுர அடி. மொத்தம் 1,980. இந்த ஓரக் கணக்கைச் சொல்லாமல் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, பாதி வேலையில் "அது தனிங்க" என்பது பழைய வித்தை. மாடிப்படிக்கு மேல் இருக்கிற அறையின் கூரையையும் சேர்த்து அளந்துவிடுங்கள். அதை எல்லோரும் மறப்பார்கள். ஒழுகினால் படிக்கட்டில் வழுக்கி விழுவது நாம்தான்.

அடுத்து வாளிக் கணக்கு. டாக்டர் ஃபிக்ஸிட்டோ ஏஷியன் பெயின்ட்ஸோ எதுவானாலும், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று வாளியிலோ கம்பெனியின் விவரத் தாளிலோ இருக்கும். உதாரணத்துக்கு, இரண்டு கோட்டிங்குக்கும் சேர்த்து லிட்டருக்கு 25 சதுர அடி என்று போட்டிருந்தால், 1,980 சதுர அடிக்கு சுமார் 79 லிட்டர். அதாவது 20 லிட்டர் வாளி நான்கு. உங்கள் ஆள் "ரெண்டு வாளி போதும்" என்றால் மீதி இரண்டு வாளி உங்கள் தொட்டித் தண்ணீர். நான் பொருளைக் கடையில் நேராக வாங்கி, பில்லைச் சங்கத்தின் பேரில் போட்டுக்கொள்வேன். வாளியை என் முன்னால் திறக்க வேண்டும், காலி வாளிகளை நான் எண்ணிய பிறகே எடுத்துப் போகலாம். காலி வாளிக்கு ஏகப்பட்ட கிராக்கி. அதைச் சித்தாளுக்குத் தருவதாக முன்பே சொல்லிவிட்டால் வாளி ஒன்றுகூடக் காணாமல் போகாது.

ஜி.எஸ்.டி. பில் கேட்டால் 18 சதவீதம் கூடும். அதை வைத்துத்தான் "பில் வேணாம்னா குறைச்சுக்கறேன்" என்பார்கள். தனி வீட்டுக்காரர் அவரவர் முடிவு. சங்கம் என்றால் பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்தில் உங்களை நிற்க வைத்துக் கேட்பார்கள்.

பத்து வருட வாரண்டி என்று வாளியில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பொருளுக்கான உத்தரவாதம். சொன்ன முறைப்படி அடிக்க வேண்டும், சில கம்பெனிகளுக்கு அவர்கள் அங்கீகரித்த ஆளே அடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். மேஸ்திரி வாயால் சொல்லும் பத்து வருடம் அவருடைய சிம் கார்டு இருக்கிற வரைக்கும்தான். இரண்டு பருவமழைக்குள் ஒழுகினால் கூலி இல்லாமல் வந்து சரிசெய்து தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒழுங்கான ஆள் இதற்குத் தயங்க மாட்டார். பதிவு செய்த கம்பெனி ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

பணம் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டிட வேலையில் சனிக்கிழமைதான் சம்பள நாள். சனிக்கிழமை மதியம் மேஸ்திரி கையில் பணம் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் முன்பணத்தைக் குறைவாக வைத்து, முடிந்த வேலைக்கு ஏற்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுங்கள். கடைசித் தொகை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது, முதல் பெருமழை தாண்டும் வரை உங்களிடம் இருக்கட்டும். இதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் போய்ச் சொன்னால் சண்டைதான்.

வேலை நடக்கும்போது

வெயில் காலத்தில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு விட்டால் வேலையும் நன்றாக வரும், ஆளும் சுருண்டு விழ மாட்டார். மேலே நிழலுக்கு ஒரு தார்ப்பாய், குடிதண்ணீர், மோர். சித்தாள் பெண்கள் இருந்தால் அவர்கள் போக ஒரு கழிவறையைத் திறந்துவிடுங்கள். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருப்பதையே பூட்டி வைத்திருக்கிற அடுக்ககங்களைப் பார்த்திருக்கிறேன். மோர்ச் செலவை நான் சங்கக் கணக்கில் எழுதினேன். தணிக்கையின்போது ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த வரிக்குப் போகலாம் என்றேன்.

துணிக் கொடிகளையும் வடாம் காயப்போடுவதையும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று எல்லா வீட்டுக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் காயாத கோட்டிங்கில் யாராவது கால் பதித்துவிட்டுப் போவார்கள். அது அப்படியே நிற்கும், வருடக்கணக்கில்.

மேலே போய்ப் பார்க்க வேண்டியது நான்கு கட்டங்களில்தான். விரிசலை மேலாகப் பூசாமல் கீறி அகலப்படுத்தி அடைக்கிறார்களா. மூலையில் செங்கோணம் தெரியாமல் சரிவாகப் பூசினார்களா. குழாய் வாயின் உள்ளே வரைக்கும் கோட்டிங் இறங்குகிறதா, ஏனென்றால் பெரும்பாலான ஒழுகல் இந்த வாயில்தான். இரண்டாவது கோட்டிங்கை முதல் கோட்டிங்குக்குக் குறுக்குவாட்டில், வாளியில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு அடிக்கிறார்களா. "ரெண்டையும் இன்னைக்கே முடிச்சிடறோம்" என்றால் கூடாது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். அவ்வளவு போதும், நாள் முழுக்க நின்று கண்காணிக்கத் தேவையில்லை. நின்றால் அவர்களுக்கும் கை ஓடாது.

முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். கோட்டிங் முழுதாகக் காய்ந்த பின், குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பது. ஒரு சதுரத்துக்கு ஓர் அங்குலம் என்றால் சுமார் 236 லிட்டர். 1,800 சதுர அடிக்கு 4,250 லிட்டர் ஆகிவிடும், 12,000 லிட்டர் லாரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2019-இல் ஏரிகள் வற்றிய கோடையைப் பார்த்த ஊருக்கு இது கையைக் கடிக்கும். அதனால் நாங்கள் மாடியை மூன்றாகப் பிரித்து, மணல் மூட்டையை பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி வரப்பு கட்டி, ஒரு பாகத்துத் தண்ணீரையே அடுத்த பாகத்துக்குத் தள்ளிச் சோதித்தோம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் இன்ஜினியரைக் கேட்காமல் இந்தச் சோதனை வேண்டாம்.

மாடியை மேம்படுத்த ஆசை இருந்தால்

வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் மேல்மாடி வீட்டில் சூடு குறைவது நிஜம். ஆனால் பழைய ஓட்டின் மேல் கலவை, அதன் மேல் டைல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனால் எடை ஏறும். ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் செய்திருந்தால் இன்னொரு அடுக்கு வேண்டாம், வெள்ளைக் கோட்டிங் போதும் என்பது என் கட்சி. டைல்ஸ்தான் என்றால் சொரசொரப்பானதை வாங்குங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பதிக்காமல் இடைவெளி விட்டு நிரப்பச் சொல்லுங்கள், நம் வெயிலில் விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

சூரிய மின்தகடு போடுகிற எண்ணம் இருந்தால் ஒழுகல் வேலையை அதற்கு முன் முடியுங்கள். 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தகடு ஏறிய பிறகு அதன் அடியில் போய் யாராலும் கோட்டிங் அடிக்க முடியாது. கால்களைத் தளத்தில் துளையிட்டு நிறுத்தப் போகிறார்களா, கான்கிரீட் கட்டையின் மேல் நிறுத்தப் போகிறார்களா என்று கேளுங்கள். துளையிடுவதானால் அதை அடைப்பது யார் பொறுப்பு என்று அதே தாளில் எழுத வேண்டும்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் மாடியில் மரப்பலகை டெக் போடுவது இப்போது பரவுகிறது. என் தங்கை வீட்டிலும் இருக்கிறது. உட்கார நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு ஆள் பிடிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பலகையைக் கழற்றி எடுக்க முடியுமா?" குழாய் வாய் டெக்கின் அடியில் மாட்டிக்கொண்டால் இலை அடைத்து, தண்ணீர் நின்று, டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குழாய் வாய்க்கு மேலாவது திறக்கிற பலகை இருக்க வேண்டும். தளத்தில் திருகு இறக்காமல் கால் தாங்கிகளின் மேல் நிற்கிற சட்டம் நல்லது. கடற்கரைக்குப் பக்கம் என்றால் திருகு, ஆணி எல்லாம் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். 304 உப்புக்காற்றில் பழுப்பேறும்.

டெக்கைக் கழுவ வருகிறவர் வேறு ரகம். மாடி கழுவுகிற ஆளைக் கம்பி பிரஷ்ஷோடு இதில் விட்டுவிடாதீர்கள். பலகை இடுக்கில் இருக்கிற மண்ணை முதலில் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாக மரத்தின் ரேகை ஓடுகிற திசையில் தேய்க்க வேண்டும். தேக்கு என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு வருடம் ஒருமுறை எண்ணெய் பூசுவது தச்சர் வேலை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கு எண்ணெயே வேண்டாம். அதற்கும் எண்ணெய் பூசக் காசு கேட்டு வந்தவரைத் தங்கை திருப்பி அனுப்பினாள்.

இடிபாட்டை மூட்டை கட்டி அகற்றுவது யார் என்பது கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும். இரவோடு இரவாகத் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போனால் மாநகராட்சி அபராதம் உங்கள் பெயருக்கு வரும். எங்கே கொடுப்பது என்று 1913-இல் கேட்டால் சொல்வார்கள். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் இரண்டு வருடம் கழித்துக் கடையில் கிடைக்காது. பெட்டியின் மேல் இருக்கிற பேட்ச் எண், வாளியின் பில், மேஸ்திரி கையெழுத்துப் போட்ட தாள், வேலையின்போது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அடுத்து வரும் செயலாளர் கேட்பார்.